மர்மயோகி: வாளுக்கு இல்லாத தடை பேய்க்கு

பேய்ப்படம், திகில் படம்னு பேச்செடுத்தாலே ஆயுதம்தான் முதல்ல ஞாபகம் வருது. ஹிட்ச்காக்கோட 'சைக்கோ'ன்னா அந்தக் குளியலறைக் கத்தி. 1960-ல் வந்த கருப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பை ஊத்தினாங்க. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, நம்ம கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவுல எடுத்த ஒரு படத்துல எங்க பார்த்தாலும் வாள். ஆனா சென்சார் பயந்தது வாளைப் பார்த்து இல்லைங்க.

ஜூபிடர் பிக்சர்ஸின் 'மர்மயோகி'. 1951 பிப்ரவரி 2-ல் ரிலீஸ். கதை ஏ.எஸ்.ஏ. சாமி, இயக்கம் கே. ராம்நாத். கரிகாலனாக எம்.ஜி.ஆர். நாடகக் கம்பெனியில் அட்டைக்கத்தி பிடிச்சு வளர்ந்தவர். 1947-ல் இதே ஜூபிடரின் 'ராஜகுமாரி'யில்தான் கதாநாயகன் ஆனார். 'மர்மயோகி'யில் குறி தவறாததைப் பத்தி அவர் பேசற வசனத்தை இன்னைக்கும் மேடையில சொல்லிக் கைதட்டு வாங்கறாங்க.

கதையில் ராஜாவைத் தீர்த்துக்கட்டிட்டு ஆட்சியைப் பிடிக்கிறாள் ஊர்வசி. அஞ்சலிதேவி நடிச்சது. படையும் ஆயுதமும் எல்லாமே அவள் கையில. அவளை நடுங்க வைக்கிறதோ செத்துப்போன ராஜாவோட ஆவி. வெறுங்கையோட வந்து நிக்குது, அவ்வளவுதான்! அதுலயும், அது பேயே இல்லை. ராஜா சாகவே இல்லை. யோகி வேஷத்துல திரியறாரு. செருகளத்தூர் சாமா அந்த வேஷம்.

இந்தியாவில் ஏ, யூ என்று பிரிக்கும் சட்டத் திருத்தம் 1949-ல்தான் வந்தது. மத்திய தணிக்கை வாரியம் ஆரம்பிச்சது 1951 ஜனவரியில். அந்தச் சூட்டோட சூடா வந்த 'மர்மயோகி'க்கு ஏ சான்றிதழ் கொடுத்துட்டாங்க. தமிழில் ஏ வாங்கின முதல் படம் இதுதான். காரணம், ஆவி வர்ற காட்சிகள்.

எனக்கு இது வேடிக்கையாத்தான் இருக்கு. வாளை உருவி ஆளை வெட்டற ராஜா ராணி படமெல்லாம் குழந்தைகள் பார்க்கலாம். யாரையும் தொடாத, கடைசியில உயிரோட இருக்கிற மனுஷன்னு தெரியப்போற பேயைப் பார்க்கக்கூடாது. எம்.ஜி.ஆரோட வாள்சண்டைக்காகவே ஏங்கின பையன்களுக்கு, சட்டப்படி, தியேட்டர் வாசலோட சரி.