கிளாரெண்டன் கவுண்டிப் பள்ளிகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பருத்தியும் புகையிலையும் விளைந்த நாட்டுப்புறப் பகுதி கிளாரெண்டன் கவுண்டி. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வரக் காரணமான ஐந்து வழக்குகளில் முதலில் தொடுக்கப்பட்டது இங்கிருந்து போனதுதான்.

1940-களின் இறுதியில் இந்தக் கவுண்டியின் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் கறுப்பினத்தவர். 1949-50 கல்வியாண்டில் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு 179 டாலரும், கறுப்பினப் பிள்ளை ஒன்றுக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளைப் பேருந்துகள் ஏற்றிச் சென்றன. கறுப்பினப் பிள்ளைகள் பல மைல் தூரம் நடந்தார்கள். போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலேன் ஊக்கமளிக்க, லெவி பியர்சன் என்ற விவசாயி பேருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நிலம் இரண்டு பள்ளி மாவட்டங்களின் எல்லையில் கிடந்ததைக் காட்டி, 1948-இல் அந்த வழக்கு தள்ளுபடியானது.

அடுத்து அதே கவுண்டியின் சம்மர்டன் ஊர்ப் பெற்றோர் சமமான வசதிகள் கேட்டு ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. முதல் பெயராக நின்ற ஹாரி பிரிக்ஸும் மனைவி எலைசாவும் வேலை இழந்தார்கள். டிலேனின் வீடு எரிந்தது. பின்னர் அவருடைய தேவாலயமும் எரிந்தது. அவர் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த மனுவிலிருந்து எழுந்த பிரிக்ஸ் வழக்கில் வழக்கறிஞர் தர்கூட் மார்ஷல் வாதாடினார். 1951-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் வசதிகளைச் சமமாக்கினால் போதும் என்றனர். பிரிவினையே சமமின்மைதான் என்று தனித்து எழுதியவர் மூன்றாவது நீதிபதி வேரிங். ஆளுநர் பர்ன்ஸ் 3 சதவீத விற்பனை வரி விதித்து, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிகள் கட்டினார். பிரிவினையைக் காப்பாற்றவே அந்தப் பணம் வந்தது. நீதிமன்றம் நெருக்கும்வரை கைக்கு வராத பணம் அது என்பதை மறக்கக் கூடாது.

1954 தீர்ப்புக்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் எதுவும் நகரவில்லை. 1965-இல் சம்மர்டனில் கிளாரெண்டன் ஹால் என்ற தனியார் பள்ளி தொடங்கியது. வெள்ளைக் குடும்பங்கள் அங்கே போக, ஊரின் அரசுப் பள்ளிகளில் அநேகமாகக் கறுப்பினப் பிள்ளைகளே எஞ்சினார்கள். பள்ளி வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. மதிப்புக் குறைந்த நிலமும் ஆலைகள் இல்லாத ஊரும் எவ்வளவு வரி தர முடியும்? சம்பளம் குறைந்தால் தேர்ந்த ஆசிரியர்கள் செழிப்பான கவுண்டிகளுக்குப் போய்விடுகிறார்கள். தேர்வு முடிவுகள் தாழ்வதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது அநியாயம்.

1993-இல் கிளாரெண்டனின் பள்ளி மாவட்டங்களும் சேர, ஏழை மாவட்டங்கள் பல மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தன. குறைந்தபட்சக் கல்வி பெறுவது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. விசாரணை 2003-இல் கிளாரெண்டனின் தலைநகரான மானிங்கில் தொடங்கியது. மாநிலம் தவறிவிட்டது என்று 2014-இல் 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாணவர்களின் தேர்வுத் தோல்விகளும் ஆசிரியர் தரமும் மட்டுமல்ல, பேருந்தில் பிள்ளைகள் கழிக்கும் நீண்ட நேரமும் அதில் பேசப்பட்டன. ஆனால் 2017-இல் நீதிமன்றம் தன் மேற்பார்வையை விலக்கிக்கொண்டது.

மூன்றாகப் பிரிந்து கிடந்த பள்ளி மாவட்டங்கள் 2022-இல் ஒன்றாயின. நிர்வாகச் செலவு இதனால் குறையலாம். ஆனால் கவுண்டியின் சொத்து மதிப்பு கூடிவிடாது.