பூட்டிய திரையும் ஒரு பழைய கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, ஆபீஸ் கம்ப்யூட்டர் லாக் ஆயிடுச்சு. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. என்னன்னு பார்த்துச் சொல்லுங்கன்னு கேட்டா, எனக்கே தெரியாதும்மா, வேணும்னா புதுசு போட்டுத் தரேன்றார் அட்மின். எல்லா கம்ப்யூட்டரையும் பார்த்துக்கறவருக்கு எப்படித் தெரியாம இருக்கும்? பொய்தானே?"

பொய் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கணினிக்கே தெரியாது. "தனக்கே தெரியாததைச் சரி, தப்புன்னு அது எப்படிச் சொல்லுது?" என்று அடுத்த கேள்வி. கணக்கு வாத்தியாருக்கு இது போதாதா? போனில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கடைசியில் உங்களில் ஒருவனுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது. சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். பலர் பழகும் இடம் என்றால் ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறக்கக் கூடாதே. ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். எல்லாச் சொற்களையும் அப்படியே ஒரு கோப்பில் எழுதியும் வைத்தார்கள்.

ஆலன் ஷெர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு ஒதுக்கப்பட்டது வாரத்துக்கு 4 மணி நேரம்; வேலைக்கு அது போதவில்லை. 1962-இல் ஒரு வெள்ளிக்கிழமை, துளையட்டையில் கோரிக்கை எழுதி அந்தக் கோப்பையே அச்சடிக்கச் சொன்னார். கணினி மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்தது! மற்றவர்கள் கணக்கில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டார். இதை அவர் ஒப்புக்கொண்டது கால் நூற்றாண்டு கழித்து. (இந்தக் கால் நூற்றாண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

1966-இல் அதைவிட வேடிக்கை. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று, உள்ளே வருபவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பு. மற்றொன்று கடவுச்சொல் பட்டியல். திருத்தும் நிரலின் தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிப்போயின. அன்று நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொற்கள் அத்தனையும் வரிசையாக வந்து விழுந்தன. கார்பட்டோ இதை மறைக்கவில்லை. டூரிங் விருது உரையிலேயே சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்துக்காரர்கள் இதிலிருந்து பாடம் படித்தார்கள். சொல்லை வைத்திருந்தால்தானே திருடுவான்? வைத்திருக்காதே. அரிசியை அரைத்தால் மாவு வரும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே மாதிரி அரைத்தால் அதே மாவுதான் வரும். ஆகவே சொல்லை அரைத்து மாவை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் தட்டும் சொல்லையும் அரைத்து, வருவது பழைய மாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். தங்கை மகளின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

முதலில் வைத்த எந்திரம் ரொம்ப வேகமாக அரைத்தது. ஒரு சொல்லுக்கு சுமார் 1.25 மில்லி நொடி. வேகம் இங்கே குற்றம். திருடனும் அதே வேகத்தில் லட்சக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்ப்பானே! ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். கடவுச்சொல்லைச் சாவியாக வைத்து, வெறும் பூஜ்யங்களை 25 முறை மறையாக்கம் செய்தார்கள். கூடவே ஆளுக்கு ஆள் மாறும் ஒரு சிறு எண்ணையும் கலந்தார்கள்; மொத்தம் 4096 வகை. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'உப்பு'தான். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறானால் மாவு வேறு.

1979-இல் இருவரும் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. 3289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதில் 15 பேர் ஒரே ஒரு எழுத்து. 72 பேர் இரண்டு. 464 பேர் மூன்று. அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் கிடைப்பவை போன்ற மற்ற வகைகளையும் கூட்டினால் 2831. அதாவது 86 சதவீதம் எளிதில் சிக்கிவிடும். சிரிக்காதீர்கள், பேரன் பெயரையும் பிறந்த வருடத்தையும் வைத்திருப்பவர்கள் நம் குடும்பத்திலேயே நாலு பேர் உண்டு.

மாவுதானே என்று அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கும்படி விட்டிருந்தார்கள். 1988 நவம்பர் 2 அன்று ஒரு புழுநிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறவைத்தது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, இந்தக் கோப்பைப் படித்து, பயனர் பெயர்களையும் தன்னிடமிருந்த 432 சொற்களையும் அரைத்து ஒப்பிடுவது. எழுதியவர் ராபர்ட் டப்பன் மாரிஸ். மேலே சொன்ன மாரிஸின் சொந்த மகன்! அப்பா பூட்டு செய்தார், பிள்ளை ஊர்ப் பூட்டையெல்லாம் ஆட்டிப் பார்த்தார்.

மாவை நிர்வாகி மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு மாற்றும் வழக்கம் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியது. நிழல் கோப்பு என்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் திரைப்பூட்டுக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கியது. திரையைப் பூட்டும் நிரல் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தில் ஓடுகிறது. நீங்கள் படிக்க முடியாத கோப்பை அதுவும் படிக்க முடியாது. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, வருபவர்களின் அடையாளப் பட்டியலை அவனிடம் காட்டமாட்டேன் என்றால் எப்படி?

யூனிக்ஸில் டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த ஒரு வசதி உண்டு. யார் ஓட்டினாலும் குறிப்பிட்ட நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1979-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜேமி ஸவின்ஸ்கி 1992-இல் வெளியிட்டு வளர்த்த எக்ஸ்ஸ்கிரீன்சேவர் போன்ற நிரல்கள் நிர்வாகி அதிகாரத்தோடு தொடங்கி, மாவைப் படித்துக்கொண்டு, உடனே அதிகாரத்தைக் கீழே போட்டுவிடும். சில நொடிக்கு மட்டும் ராஜா.

அதுவும் ஆபத்துதான் என்று இன்னொரு வழி வந்தது. 1995-இல் சன் நிறுவனத்தார் முன்வைத்த 'பாம்' என்ற முறையில், பூட்டு நிரல் எதையும் படிக்க வேண்டாம், கேட்டால் போதும். லினக்ஸில் இதற்கென ஒரு சின்னஞ்சிறு உதவி நிரல் இருக்கிறது. அதற்கு மட்டும் நிழல் கோப்பைப் படிக்க உரிமை. கூப்பிட்டவருடைய கடவுச்சொல்லை மட்டுமே சரிபார்க்கும். ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் வாய் திறக்காது. இவ்வளவு அடக்கமான ஊழியனை நான் 34 வருடப் பணியில் பார்த்ததில்லை.

அப்படியும் பூட்டு உடைந்த கதை உண்டு. 2021-இல் லினக்ஸ் மின்ட்டில், அப்பாவின் கணினியைத் திறந்து பார்க்க நினைத்த குழந்தைகள் விசைப்பலகையையும் திரை விசைப்பலகையையும் சேர்த்துத் தாறுமாறாகத் தட்டினார்கள். பூட்டு நிரல் விழுந்தது. பின்னாலிருந்த திரை அப்படியே தெரிந்தது. கடவுச்சொல் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. காவலாளி மயங்கி விழுந்தால் கதவு தானே திறந்துகொள்ளும் அமைப்பு, அதுதான் பிழை. ஸவின்ஸ்கி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதையேதான்.

இனி என் கணக்கு.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கணினி அறையும் என் பொறுப்பு. மூன்று ஆசிரியர்களுக்கு ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். ஒருவர் அடிக்கடி மறந்துவிடுவார் என்று திரைப்பூட்டையே நான் நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு நாள் செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மாலையில் பார்த்தால் ஒரு பையனின் 11 மதிப்பெண் 17 ஆகியிருந்தது. யாருக்கு லாபமோ அவன்தான் செய்தான் என்று முடிவு கட்டினேன். "நான் இல்ல சார்" என்று அவன் ஏழெட்டு முறை சொன்னான். இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். தறிவேலையை விட்டுவிட்டு வந்த அவன் அப்பாவை எல்லார் முன்னும் பேசினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, கைகட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் வேறொரு மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சார், அந்த 17 நான் போட்டது. அவன் ஃபெயிலாயிட்டா ஸ்கூல விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயந்து போட்டேன். அவனுக்கே தெரியாது." ஷெருக்குக் கால் நூற்றாண்டு, இவனுக்குப் பதினேழு வருடம். இவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று பேர் ஒரே பெயரில் நுழையும், பூட்டாத ஒரு கணினியை வைத்துக்கொண்டு 'நீதான்' என்று விரல் நீட்டியது நான்.

நீ இந்தப் பக்கத்தைப் படிப்பதாக உன் தம்பி சொன்னான். பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை என்றும் சொன்னான். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். வீட்டில் இருக்கச் சொல்.