லாக்ஆஃப் செய்யும்போது என்ன நடக்கிறது? ஒரு சின்ன வரலாறு

போன காலாண்டில் நம் குடியிருப்பில் சிலருக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டிய பிறகும் "இன்னும் கட்டவில்லை" என்று நினைவூட்டல் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அதே பேச்சு. பொருளாளர்மேல் கோபப்பட்டவர்களும் உண்டு. தப்பு அவருடையது அல்ல, என்னுடையது. அதனால் விளக்கம் சொல்லும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். சங்க அலுவலகக் கணினியில் தினமும் கணக்கை நகல் எடுத்து வைக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. "வேலை முடிந்து லாக்ஆஃப் கொடுத்ததும் தானாகவே நகல் எடுக்கிற மாதிரி செய்துவிடலாம்" என்று நான்தான் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இதற்கு வசதி உண்டு. நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் மாலை கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி உயிரை விட்டு எத்தனை நாளோ, யாரும் கவனிக்கவில்லை. கணினி அப்படியே அணைந்தது. லாக்ஆஃப் நடக்கவே இல்லை, ஆகவே ஸ்கிரிப்டும் ஓடவில்லை. கணக்குக் கோப்பும் கெட்டுப்போக, முந்தைய நாள் நகலைத்தான் எடுத்துப் போட முடிந்தது. அன்றைக்குப் பதிந்த ரசீதுகள் எல்லாம் போயின.

நாற்பது வருடம் கணினியோடு குப்பை கொட்டியவன் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சிக்கல் மெயின்ஃபிரேம் காலத்துச் சிக்கல்.

ஆரம்பத்தில் லாக்ஆஃப் என்ற பேச்சே கிடையாது. மெட்ராஸ் ஐஐடியில் 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தது. அந்நாளில் நாட்டிலேயே பெரிய கணினிகளில் ஒன்று அது. அந்த மாதிரி இயந்திரங்களுக்கு வேலை கொடுப்பது அட்டைகளில். அட்டையில் துளை போட்டு, கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிறகு போய் அச்சான தாளை வாங்கிக்கொள்ளலாம். இயந்திரத்தோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அதைத் தெரிந்துகொள்ளவே மறுநாள் ஆகும்.

ஆனால் முடிவில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த அட்டைகள் அழகாகவே சொல்லின. ஐபிஎம் 360 காலத்தில் வந்த 'ஜேசிஎல்' என்ற வேலைக் கட்டளை மொழியில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று விஷயம் முன்கூட்டியே எழுதலாம்: கோப்பு இப்போது என்ன நிலையில் இருக்கிறது, வேலை நல்லபடியாக முடிந்தால் அதை என்ன செய்வது, பாதியில் முறிந்தால் என்ன செய்வது. இன்னொரு வசதியும் உண்டு. "முந்தைய படி முறிந்துபோனாலும் இந்தப் படியை ஓட்டு" என்று ஒரு படிக்கு எழுதலாம், "முறிந்தால் மட்டும் ஓட்டு" என்றும் எழுதலாம். உயில் எழுதி வைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி. முறிவும் முடிவில் ஒரு வகைதான் என்று அந்த மொழியை அமைத்தவர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து டெர்மினல் வந்தது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1961-ல் ஃபெர்னாண்டோ கார்பாட்டோ குழுவினர் 'சிடிஎஸ்எஸ்' என்ற முறையைச் செய்து காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தட்டச்சுப் பலகையில் உட்கார்ந்து பயன்படுத்தலாம். அங்கே வேலை பார்த்த லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர், பல கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையாக ஓட்ட 'ரன்காம்' என்று ஒன்று எழுதினார். இன்றைக்கும் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் தொடக்கக் கோப்புகளின் பெயர் 'ஆர்சி' என்று முடிவது அந்த ரன்காமின் மிச்சம்தான்.

உள்ளே நுழைந்ததும் தானாக ஓட வேண்டிய கட்டளைகளுக்கு எல்லா அமைப்பிலும் சீக்கிரமே இடம் கிடைத்துவிட்டது. ஐபிஎம்மின் 'விஎம்' அமைப்பில் 'புரொஃபைல் எக்ஸெக்' என்ற கோப்பை வைத்தால் நுழைந்தவுடன் ஓடும். 1971-ல் வந்த 'டிஎஸ்ஓ'விலும் நுழைவுக்கான நடைமுறை இருந்தது. வாக்ஸ் கணினிகளில் 'லாகின் டாட் காம்'. வாசலில் கோலம் போட எல்லோரும் யோசித்தார்கள். கொல்லைப்புறக் கதவை யாரும் யோசிக்கவில்லை. வெளியேறும்போது ஓடுவதற்குச் சாதாரணப் பயனாளருக்கென்று அதே மாதிரி ஒரு கோப்பு பெரும்பாலான அமைப்புகளில் கிடையாது.

மறந்துபோய் விட்டதல்ல, அதற்குக் காரணம் இருந்தது. உள்ளே வர ஒரே வழிதான்: பெயர், கடவுச்சொல். வெளியே போக எத்தனை வழி! லாக்ஆஃப் என்று தட்டிவிட்டுப் போகலாம். தொலைபேசி இணைப்பு அறுந்துபோகலாம். ஆபரேட்டர் பார்த்துப் பிடித்து வெளியே தள்ளலாம். மின்சாரமே போகலாம். விஎம் அமைப்பில் இணைப்பு அறுந்தால் உங்கள் வேலையை வழக்கமாக 15 நிமிடம் அப்படியே காத்து வைத்திருக்கும். அதற்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்தில் தொடரலாம், வராவிட்டால் கணக்கை மூடிவிடும். இதில் முதல் வழியில் போகும்போது மட்டும்தான் "போகிறேன்" என்று மனிதர் சொல்லிவிட்டுப் போகிறார்.

இருந்தாலும் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கணினி நேரத்துக்குக் காசு, வட்டில் இடத்துக்குக் காசு. போகும்போது தற்காலிகக் கோப்புகளை அழிக்க வேண்டும், பிடித்து வைத்த டேப்பை விட வேண்டும். ஆகவே குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். விஎம்மில் 'லாக்ஆஃப்' என்ற பெயரிலேயே சொந்தமாக ஒரு எக்ஸெக் எழுதி வைத்தால், லாக்ஆஃப் என்று தட்டும்போது முதலில் அதுதான் அகப்படும். துடைத்துப் பெருக்கிவிட்டு, கடைசி வரியில் நிஜமான லாக்ஆஃப். டிஎஸ்ஓ ஆட்கள் வேறு மாதிரி செய்தார்கள். நுழைவு ஸ்கிரிப்டே திரையை அழைக்கும். பயனாளர் நாள் முழுதும் அந்தத் திரைக்குள் வேலை பார்ப்பார். திரையை மூடினால் கட்டுப்பாடு அதே ஸ்கிரிப்டின் அடுத்த வரிக்குத் திரும்பும், அங்கே சுத்தம் செய்யும் வரிகள் காத்திருக்கும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். வெளியேறுவது நுழைவதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

நான் பழகியது வாக்ஸில். அது மெயின்ஃபிரேமுக்கு ஒரு படி சின்னது. ரயில்வே 1985-86-ல் டெல்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியதும் வாக்ஸில்தான். அங்கே 'லாகவுட்' என்ற சொல்லுக்கே வேறு பொருள் கொடுத்துவிடலாம். தட்டினால் நாம் எழுதிய கோப்பு ஓடும். அலுவலகத்தில் எல்லோரும் அப்படி ஒன்று வைத்திருந்தோம். அதில் தவறாமல் இருக்கும் வரி 'பர்ஜ்'. வாக்ஸில் ஒரு கோப்பை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பழையது அழியாது. 1, 2, 3 என்று எண் போட்டுப் புதுப் பிரதி சேரும். பர்ஜ் கொடுத்தால் கடைசிப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும். இடம் மிச்சம்.

ஒரு மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் நிரலில் திருத்தம் செய்துகொண்டிருந்தேன். எங்கேயோ தப்பு செய்துவிட்டேன், ஓடவில்லை. "காலையில் வந்து பழைய பிரதியை எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டே லாகவுட் தட்டினேன். தட்டிய விநாடியிலேயே புரிந்துவிட்டது. ஓடாத அந்த ஒரு பிரதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஓடிய பிரதிகளை எல்லாம் என் ஸ்கிரிப்ட் சுத்தமாகத் துடைத்துவிட்டது. டேப்பில் இருந்தது ஒரு வாரப் பழசு. அச்செடுத்து வைத்திருந்த தாளைப் பார்த்து விடிய விடியத் தட்டச்சு செய்து, சம்பளம் ஒரு நாள் தாமதமாகப் போனது. ஒரு நாள்தானே என்று சொல்லலாம், வாடகை கொடுக்கக் காத்திருந்த கடைநிலை ஊழியரிடம் போய்ச் சொல்ல முடியாது.

அதிகாரபூர்வமாக வெளியேறும் கதவை வைத்தது யூனிக்ஸ் உலகம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970-களின் இறுதியில் எழுதிய 'சி ஷெல்'லில் நுழைவுக்கு ஒரு கோப்பு, வெளியேற 'டாட் லாகவுட்' என்று இன்னொரு கோப்பு. லினக்ஸில் அதன் வாரிசு இன்றும் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் ஓடாது.

நம் கடற்கரையில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் வள்ளங்கள் நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் கிளம்பி, விடியும்போது பாருக்குப் போய்ச் சேரும். உச்சிப்பொழுது வாக்கில் நிறுத்தச் சொல்லிப் பீரங்கி வெடிக்கும். கடல்காற்றில் கரை திரும்புவார்கள். இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போக முடியாது. 'கொட்டு' என்ற வேலியடைத்த இடத்துக்குள் சிப்பி மூட்டைகளைக் கொண்டுபோய், மூன்று குவியலாகப் போட வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அதன் பிறகு ஆயிரக் கணக்கில் ஏலம். வரும் வழியில் சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்துவிடக் கூடாதென்று வள்ளத்திலேயே காவலும் இருந்தது. முத்துக்குளிப்பு 1961-ல் நின்றுபோனது. அந்தப் பங்கீட்டில் நியாயம் எவ்வளவு என்பது வேறு விஷயம். ஆனால் "போகும்போது கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போ" என்று குளிப்பவரின் நினைவாற்றலை நம்பி அதை அமைக்கவில்லை. கதவில் ஆள் நின்றார்.

ரயில் நிலைய முன்பதிவு ஜன்னலிலும் அதேதான். ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையில் நின்று பல்லைக் கடித்திருப்போம். பணத்தையும் கணினிக் கணக்கையும் சரிபார்த்து ஒப்படைக்காமல் அந்த எழுத்தர் எழுந்திருக்க முடியாது. முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு இணையத்தில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு, இரவு 11.45-க்கு ஐஆர்சிடிசி கதவடைப்பது தெரியும். நம் யாரிடமும் அனுமதி கேட்டு அது மூடுவதில்லை.

இப்போது சங்க அலுவலகத்தில் செய்திருக்கும் மாற்றம்: லாக்ஆஃப் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகல் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நகல் எடுக்கப்படும், பழைய நகல்கள் 30 நாள் வரை அழிக்கப்படாது. காலையில் கணினியைத் திறந்ததும் "நேற்று ஒழுங்காக மூடப்பட்டதா?" என்று அதுவே பார்க்கும். இல்லையென்றால் கணக்கைத் திறக்காமல், முந்தைய நாள் ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லும். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று, அந்தச் செலவு அடுத்த கூட்டத்தில் ஒப்புதலுக்கு வரும்.

தவறாக நினைவூட்டல் வந்தவர்கள் ரசீதோடு அலுவலகத்துக்கு வந்தால் உடனே பதிந்து தருகிறோம். ரசீதைத் தொலைத்தவர்களும் வாருங்கள், கார்பன் பிரதி நம்மிடம் இருக்கிறது.