வேலை தேடித் தந்த திருச்சபைத் தொண்டர்கள்: யூட்டா, 1930கள்

1930களின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோர்மன் திருச்சபையைச் சேர்ந்த ஊதியம் பெறாத தொண்டர்கள் வேலை இழந்தோருக்கு வேலை தேடித் தரும் பணியில் இறங்கினர். சால்ட் லேக் சிட்டி நகரின் தொழிலாளர் பகுதி ஒன்றில் 1932இல் உருவான இம்முயற்சி, 1936இல் திருச்சபை முழுமைக்குமான நலத்திட்டமாக விரிந்தது. அக்கம்பக்கத்து அறிமுகத்தைக் கொண்டு எவ்வளவு சாதிக்க முடியும், எந்த இடத்தில் அரசின் கை தேவைப்படுகிறது என்ற இரண்டையும் இந்த வரலாறு காட்டுகிறது.

திருச்சபையின் அமைப்பு

மோர்மன் திருச்சபையின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். இது 1830இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவப்பட்டது. இதன் உறுப்பினர்கள் 1847 முதல் யூட்டாவில் குடியேறினர். இச்சபையில் ஒரு குடியிருப்புப் பகுதியின் உறுப்பினர்கள் சேர்ந்தது ‘வார்டு’. பல வார்டுகள் சேர்ந்தது ‘ஸ்டேக்’. வார்டின் தலைவர் பிஷப் எனப்படுகிறார். பிற திருச்சபைகளின் பேராயரைப் போன்றவர் அல்லர் இவர். தம் குடும்பத்துக்காக வேறு தொழில் செய்துகொண்டே, ஊதியமின்றிச் சபைப் பணி ஆற்றுபவர். ஸ்டேக் தலைவரின் நிலையும் இதுவே. ஆகவே வார்டில் தொண்டு செய்தவரும் உதவி பெற்றவரும் பெரும்பாலும் ஒரே தெருக்களில் வாழ்ந்தவர்கள்.

பின்னணி

யூட்டாவின் பொருளாதாரம் சுரங்கம், வேளாண்மை, ரயில்வே ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. 1929க்குப் பின் தாமிரத்தின் விலையும் விளைபொருள்களின் விலையும் சரிந்தபோது மாநிலம் கடுமையாக அடிபட்டது. மூன்றே ஆண்டுகளில் தனிநபர் வருமானம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1933இல் வேலையில்லாதோர் விகிதம் சுமார் 36 விழுக்காடு. இது நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று.

திருச்சபையிடம் முன்பே சில உதவி வழிகள் இருந்தன. உறுப்பினர்கள் மாதத்தில் ஒருநாள் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, மிச்சமான தொகையை ஏழைகளுக்கு நோன்புக் காணிக்கையாகக் கொடுத்தனர். ‘ரிலீஃப் சொசைட்டி’ என்னும் மகளிர் அமைப்பு ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து உதவியதோடு, பெண்களுக்கு வேலை தேடித் தரும் பணியையும் செய்தது. ஆனால் ஒரு வார்டில் பாதிப்பேருக்கு வேலை இல்லாதபோது அதே வார்டின் காணிக்கை போதவில்லை. உதவி அதிகம் தேவைப்பட்ட வார்டுகளில்தான் காணிக்கை மிகவும் குறைந்திருந்தது.

பயனியர் ஸ்டேக்

சால்ட் லேக் சிட்டியின் மேற்குப் பகுதியில் அமைந்திருந்தது பயனியர் ஸ்டேக். 1930இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஹரோல்டு பி. லீ (1899–1973) அப்போது 31 வயதினர். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். தம் ஸ்டேக்கின் 7,300 உறுப்பினர்களில் 4,800 பேர் முழுமையாகவோ பகுதியாகவோ பிறர் உதவியை நம்பியிருந்தனர் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

லீயும் அவருடைய துணைவர்களும் நிலைமையை இரு பக்கமாகப் பார்த்தனர். நகரத்தில் வேலையற்ற கைகள் இருந்தன. சுற்றுப்புறப் பண்ணைகளிலோ, விற்றால் அறுவடைக் கூலிக்கே கட்டாது என்பதால் பயிர் பறிக்கப்படாமல் நின்றது. தொண்டர்கள் பண்ணையாளர்களிடம் பேசி, வேலையற்றோரை அறுவடைக்கு அனுப்பினர். கூலி பணமாக அல்ல, விளைச்சலின் பங்காக வந்தது. அப்பங்கு 1932இல் தொடங்கப்பட்ட ஸ்டேக்கின் பண்டகசாலைக்குச் சென்று, தேவைப்பட்ட குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. உபரியான காய்கனிகளைப் பெண்கள் பதப்படுத்தினர். பழைய துணிகளைத் தைத்துப் புதுப்பித்தனர். இடிக்கப்பட்ட கட்டடத்தின் பொருள்களைக் கொண்டு வேலையற்ற தொழிலாளர்களே ஸ்டேக்குக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டினர்.

பண்டகசாலைப் பொருளை இலவசமாக வாங்குவதற்குப் பதிலாக, இயன்ற வேலை ஒன்றைச் செய்து பெறவேண்டும் என்பது விதி. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களால் முடிந்த அளவே போதும். கைநீட்டி வாங்குவதில் உள்ள கூச்சத்தை இது குறைத்தது. நெடுநாள் வேலையின்றி இருந்தவர் வேலைப்பழக்கத்தை இழந்துவிடாமலும் காத்தது.

தொண்டரின் பணி

ஆயினும் பண்டகசாலை இடைக்கால ஏற்பாடுதான். கூலி கிடைக்கும் வேலையே நிரந்தரத் தீர்வு என்பதால், அதைத் தேடுவது வார்டுத் தொண்டர்களின் கடமையானது. இப்பணி மூன்று கட்டங்களைக் கொண்டிருந்தது.

முதலாவது, ஆளை அறிதல். தொண்டர் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தில் எத்தனை பேர், முன்பு என்ன வேலை, வேறு என்ன கைத்தொழில் தெரியும் என்று கேட்டறிந்தார். ரயில்வே பணிமனையில் வேலை இழந்தவருக்குத் தச்சு வேலையும் தெரிந்திருக்கலாம். அலுவலகப் படிவத்தில் விடுபட்டுப்போகும் இத்தகைய செய்திகள் வீட்டுப் பேச்சில் வெளிவரும்.

இரண்டாவது, வேலையை அறிதல். கடை, பட்டறை, பண்ணை நடத்திய உறுப்பினர்களிடம் தொண்டர்கள் நேரில் கேட்டனர். ஓரிரு நாள் வேலையானாலும் அது கணக்கில் சேர்ந்தது.

மூன்றாவது, இரண்டையும் இணைத்தல். அறியாத ஒருவரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளி, தமக்கு அறிமுகமான தொண்டரின் சொல்லை நம்பி எடுத்தார். தொண்டரிடம் மூலதனம் என்று இருந்தது இந்த நம்பிக்கை ஒன்றே.

1936ஆம் ஆண்டுத் திட்டம்

1935 ஏப்ரலில் திருச்சபையின் தலைவர் ஹீபர் ஜே. கிராண்ட், லீயை அழைத்துத் திருச்சபை முழுமைக்குமான திட்டம் ஒன்றை வகுக்கக் கேட்டுக்கொண்டார். புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை, ஏற்கெனவே உள்ள வார்டு, ஸ்டேக் அமைப்புகளே போதும் என்பது லீ வந்தடைந்த முடிவு. அதே ஆண்டு நடந்த கணக்கெடுப்பில், உறுப்பினர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் நிவாரணம் பெற்றுவந்தது தெரியவந்தது.

1936 ஏப்ரலில் திருச்சபைப் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1938இல் இது திருச்சபை நலத்திட்டம் எனப் பெயர் மாறியது. வார்டு தோறும் வேலைவாய்ப்புக்குப் பொறுப்பானோர் அமர்த்தப்பட்டனர். சோம்பலையும் இலவச நிவாரணத்தின் தீமைகளையும் நீக்கி, உழைப்பை வாழ்வின் நெறியாக மீண்டும் நிறுவுவதே நோக்கம் என்று 1936 அக்டோபரில் கிராண்ட் விளக்கினார்.

1938இல் சால்ட் லேக் சிட்டியில் ‘டெசரட் இண்டஸ்ட்ரீஸ்’ தொடங்கப்பட்டது. முதுமை, உடற்குறை முதலிய காரணங்களால் எவரும் வேலைக்கு எடுக்காதவர்கள் இங்கே பழைய பொருள்களைச் சேகரித்து, பழுதுபார்த்து, விற்றனர். மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் பாஸ்டனில் தொடங்கிய ‘குட்வில்’ பணியே இதற்கு முன்மாதிரி.

வரம்புகளும் விமர்சனங்களும்

திருச்சபை தன் மக்களை அரசு நிவாரணத்திலிருந்து முற்றிலும் விடுவித்துவிட்டது என்ற செய்தி அக்காலத்தில் நாடெங்கும் பரவியது. அது உண்மைக்குப் பொருந்தவில்லை. 1935ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே நிவாரணம் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் அதைப் பொது நிதியிலிருந்து பெற்றனர். திட்டம் தொடங்கிய பின்னும் ஏராளமான உறுப்பினர்கள் கூட்டரசின் பொதுப்பணிகளில் வேலை செய்தனர். தொண்டரால் இருக்கும் வேலையைக் கண்டுபிடிக்க முடிந்தது. சுரங்கம் மூடிய ஊரில் இல்லாத வேலையை உண்டாக்க முடியவில்லை.

அரசியல் முரணும் இருந்தது. ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ திட்டங்களைத் திருச்சபைத் தலைவர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். 1936 தேர்தலுக்குச் சற்றுமுன் திருச்சபையின் நாளிதழான ‘டெசரட் நியூஸ்’ அவருக்கு எதிராகத் தலையங்கம் எழுதியது. ஆனால் யூட்டா வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்தனர். திருச்சபைத் தொண்டையும் அரசு வேலைத்திட்டத்தையும் மக்கள் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

அறிமுகத்தை நம்பிய முறைக்கே உரிய குறையும் உண்டு. உதவி கேட்பவரின் நிலைமை அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடும். சபையோடு நெருக்கமில்லாதவருக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது. யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர் பிஷப் ஒருவரே என்பதால், அவருடைய நியாய உணர்வைப் பொறுத்தே நன்மை அமைந்தது.

பிற்கால வளர்ச்சி

பின்னாளில் திருச்சபை வேலைவாய்ப்பு மையங்களைப் பல நகரங்களில் நிறுவியது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இவற்றில் தொண்டர்களாகச் சேவை செய்தனர். தன்விவரக் குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்கு ஆயத்தமாவது, 30 வினாடிகளில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் பயிற்சி தரப்பட்டது. லீ 1972இல் திருச்சபையின் தலைவரானார்.

மதிப்பீடு

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் மாசசூசெட்ஸில் உள்ள நியூட்டன் நகரில் ஆய்வு செய்தபோது, தொழில்முறை, மேலாண்மைப் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர்கள் மூலமே வேலை பெற்றிருந்ததைக் கண்டார். அடிக்கடி பழகும் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களே அதில் மிகுதியாக உதவியிருந்தன. யூட்டா தொண்டர்கள் செய்ததும் அத்தகைய அறிமுகங்களை ஒழுங்குபடுத்தியதுதான். வேலை இழந்தவர் முதலில் இழப்பது வருமானத்தை. அடுத்து, வேலையிடத்துத் தொடர்புகளை. இரண்டாவது இழப்பை வார்டுத் தொண்டர்களால் பெருமளவு ஈடுசெய்ய முடிந்தது. முதலாவதை ஈடுசெய்யப் பண்டகசாலையோடு அரசின் நிவாரணமும் பொதுப்பணிகளும் தேவைப்பட்டன.