தலைகீழாகத் தூக்காத டாக்டர்

ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் புதுக் குழந்தைக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணைக் கூசவைக்கும் விளக்கு. சுற்றிலும் சத்தம். வெளியே வந்ததுமே தொப்புள்கொடி 'கட்'. அடுத்து இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒரு தட்டு! குழந்தை வீறிட்டு அலறும். "அப்பாடா, மூச்சு வந்துடுச்சு" என்று சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த அலறல் உண்மையிலேயே சிரிக்கவேண்டிய விஷயம்தானா என்று பாரீஸில் ஒரு மகப்பேறு டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அவர் பெயர் ஃப்ரெடரிக் லெபுவாயே.

பிறந்தது 1918, நவம்பர் 1. முதல் உலகப் போர் முடிய இன்னும் பத்தே நாள் பாக்கி. பாரீஸில் மருத்துவம் படித்து, அங்கேயே பெரிய டாக்டரானார். சுமார் பத்தாயிரம் பிரசவம் பார்த்த கை அது. அதில் பெரும்பகுதி, மேலே சொன்ன அதே தலைகீழ் பாணிதான். மனிதர் மாறியது பிறகு. அதற்கு ஒரு காரணம் மனப்பகுப்பாய்வு. இன்னொரு காரணம் இந்தியா.

பல முறை இங்கே வந்தார். வங்காளத்தில் சுவாமி பிரக்ஞானபாதர் என்று ஒருவர். வேதாந்தத்தையும் ஃப்ராய்டையும் ஒரே மூச்சில் பேசக்கூடிய அபூர்வமான துறவி. அவரிடம் போய் உட்கார்ந்தார் லெபுவாயே. ஊர் திரும்பி பிரசவ அறையைப் பார்த்தபோது, அங்கே ஒருத்தரை மட்டும் யாருமே கவனிக்கவில்லை என்று தோன்றியது. குழந்தையை!

1974-ல் 'வன்முறையில்லாத பிறப்பு' என்ற புத்தகம் வெளிவந்தது. அவர் கேட்டது ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. விளக்கைக் குறையுங்கள். சத்தம் போடாதீர்கள். குழந்தையைத் தூக்கித் தொங்கவிடாமல், தாயின் வயிற்றின் மேல் படுக்கவையுங்கள். தொப்புள்கொடியில் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து அப்புறம் வெட்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிடுங்கள்.

அவ்வளவுதான். கொதித்துப் போனார்கள் சக டாக்டர்கள். இருட்டில் குழந்தை நீலம் பாரித்தால் எப்படித் தெரியும்? கொடியைத் தாமதமாக வெட்டி, ரத்தம் அதிகமாகப் போய், மஞ்சள்காமாலை வந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விகள். பெண்ணியவாதிகளுக்கோ வேறு கோபம். குழந்தையின் வலியை உருகி உருகி எழுதியவர், பெற்றவள் வலியை மறந்துவிட்டாரே என்று. புத்தகத்தைப் படித்தால் அந்தக் கோபமும் நியாயம் என்றுதான் படுகிறது.

லெபுவாயே பதில் சொல்லி மல்லுக்கட்டவில்லை. ஆராய்ச்சி, புள்ளிவிவரம் என்றெல்லாம் இறங்கவும் இல்லை. 1970-களிலேயே டாக்டர் தொழிலை விட்டுவிட்டு எழுத்து, புகைப்படம், சினிமா என்று போய்விட்டார். அவருடைய பெரிய பலவீனம் இதுதான் என்பேன். சொன்னதை நிரூபிக்கும் வேலை அடுத்தவர் தலையில் விழுந்தது.

அந்த அடுத்தவர்கள் கனடாக்காரர்கள். பரிசோதித்துப் பார்க்காமல் எந்த வைத்தியத்தையும் நம்பாதே என்று மருத்துவ உலகத்துக்கே பாடம் எடுத்த டேவிட் சாக்கெட்டும் அந்தக் குழுவில் உண்டு. 56 கர்ப்பிணிகள். சிக்கல் எதுவும் எதிர்பார்க்கப்படாதவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு லெபுவாயே முறை. மறு பாதிக்கு வழக்கமான முறை, ஆனால் பதமாக. 1980-ல் முடிவு வெளியானது. குழந்தைகளிடம் ஒரு வித்தியாசமும் இல்லை! முதல் மணி நேரத்திலும் இல்லை, எட்டு மாதம் கழித்தும் இல்லை.

ஆனால், ஒரு வேடிக்கை. லெபுவாயே குழுவில் இருந்த தாய்மார்களுக்கு பிரசவ வலியின் முதல் கட்டம் சீக்கிரம் முடிந்திருந்தது. இத்தனைக்கும் மங்கல் விளக்கு, வெந்நீர்த் தொட்டி எல்லாமே அதற்கு அப்புறம் வருகிற விஷயங்கள். நல்லபடியாக நடக்கப்போகிறது என்கிற நம்பிக்கையே உடம்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று யூகித்தார்கள்.

அப்படியானால் லெபுவாயே தோற்றுவிட்டாரா? பி.காம் படித்தவனுக்கு எதையும் பற்று, வரவு போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். போடுவோம். தொப்புள்கொடி விஷயத்தில் பின்னாளில் வந்த ஆராய்ச்சிகள் காத்திருக்கச் சொன்னவர் பக்கம்தான் சாய்ந்தன. குழந்தைக்குக் கூடுதல் ரத்தம், அதன் மூலம் கூடுதல் இரும்புச்சத்து. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வெட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வழிகாட்டியது. தாயின் உடம்போடு குழந்தையை ஒட்டிப் படுக்கவைப்பது இன்று சர்வசாதாரணம். தலைகீழாகத் தூக்குவது வழக்கொழிந்துவிட்டது. இதெல்லாம் வரவு.

அந்த வெந்நீர்க் குளியல்? அது பற்று! பிறந்த குழந்தையின் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், 24 மணி நேரமாவது குளிப்பாட்டாதீர்கள் என்று அதே நிறுவனம் 2013-ல் சொல்லிவிட்டது. புத்தகத்தில் அவர் ரொம்ப ரசித்து எழுதிய அம்சம் அதுதான் என்பது சோகம்.

கல்கத்தா கதையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. அங்கே ஒரு குடிசைப் பகுதியில், சாந்தலா என்கிற ஏழைத் தாய் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நம் பாட்டிமார் செய்வது போலத்தான். நமக்கு அது தினசரிக் காட்சி. லெபுவாயே சொக்கிப் போய், நாள் கணக்கில் படம் எடுத்தார். அவள் பெயரையே தலைப்பாக்கி 1976-ல் புத்தகம் போட்டார். ஐரோப்பாவில் பரவி, பிரேசில் வரை போய்ச் சேர்ந்தது அந்த மசாஜ். அங்கே அதற்குப் பெயரே 'சாந்தலா'தான்.

2017 மார்ச்சில் பிரேசில் அரசு, தன் பொது மருத்துவமனைகளில் தரக்கூடிய ஒருங்கிணைந்த சிகிச்சைகளின் பட்டியலில் ஆயுர்வேதம், யோகா ஆகியவற்றோடு சாந்தலாவையும் சேர்த்தது. அதே வருஷம் மே மாதம், சுவிட்சர்லாந்தில், 98 வயதில் இறந்துபோனார் லெபுவாயே.