ஜூஜூவாடியில் நின்ற லாரிகள்

ஆன்லைன் வியாபாரத்தின் கதையை நம்ம ஊரில் எழுதுகிறவர்கள், 2007இல் பெங்களூரில் ஃப்ளிப்கார்ட் தொடங்கியதிலிருந்து ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 1999க்குப் போய், அதே பெங்களூரில் தொடங்கிய ஃபேப்மார்ட்டைச் சொல்வார்கள். ஓசூர்க்காரனான எனக்கு அந்தக் கதை ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் தொடங்குகிறது.

சிப்காட் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் அப்பா கணக்கெழுதினார். உதிரி பாகங்கள் செய்து பெங்களூருக்கு விற்பார்கள். தூரம் என்னவோ 40 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இன்வாய்ஸில் ஒரு எண் தப்பா இருந்தாலும் லாரியை ஓரங்கட்டிவிடுவார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் தீராது. மத்திய விற்பனை வரியில் சலுகை வேண்டுமென்றால் வாங்கியவர் 'சி' படிவம் தர வேண்டும்; தராவிட்டால் மீதி வரி விற்றவர் தலையில். அந்தப் படிவத்துக்காக அப்பா மாசக்கணக்கில் போன் போட்டுக் கெஞ்சுவார். வராத படிவங்களின் பட்டியலோடுதான் தூங்கப்போவார்.

2011இல் ஒரு புத்தகம் ஆர்டர் போட முயன்றேன். 635109 என்று பின்கோடு அடித்ததும், அங்கே டெலிவரி இல்லை என்றது அந்தத் தளம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பெங்களூர்!

இணையம் எல்லையை அழித்துவிட்டது என்று அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு அது பாதிப் பொய்யாகவே பட்டது. பட்டனை எங்கிருந்தும் அழுத்தலாம், சரக்கு ரோட்டில்தானே வர வேண்டும்? 2014இல்கூட, அமேசான் கிடங்கில் இருக்கிற சரக்குக்கு வரிப் பொறுப்பு யாருடையது என்று கர்நாடக வணிகவரித் துறை மல்லுக்கு நின்றது. பழைய சட்டத்துக்குக் கடை தெரியும், வியாபாரி தெரியும். இந்தப் புதுப் பிறவியைத் தெரியவில்லை.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சாவடிகள் போயின. போக்குவரத்துத் துறையின் சாவடி மட்டும் அதன்பிறகும் நின்றது.

'இனி நமக்கு என்ன வேலை?' என்று அப்பா கேட்டது அந்த வாரம்தான். பயந்துதான் கேட்டார். சீலும் படிவமும் தெரிந்தவர் என்பதுதான் பட்டறையில் அவருக்கு இருந்த மரியாதை.

ஆனால் எல்லை எங்கேயும் போகவில்லை, கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில். 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கினார்கள். முதல் நாளே தளம் திணறியதால் தள்ளிப்போட்டு, ஏப்ரல் 1இல்தான் மாநிலங்களுக்கிடையே கட்டாயமாக்கினார்கள். அந்த இரண்டு மாசத்தில் அப்பா டைப்படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒற்றை விரலால் 'டிஎன் 70' என்று வண்டி நம்பர் அடிப்பார். 12 இலக்க எண் வந்ததும் டிரைவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். பிறகு அதையே நீல நோட்டிலும் எழுதிவைப்பார்.

"ஏம்ப்பா, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே?" என்றேன்.

"நெட்டு போச்சுன்னா, நீ வந்து ரோட்ல நிப்பியா?"