வாடையோடு வந்தவர்கள்

ரொறன்ரோவில் வாழும் பல்கலைக்கழக நண்பர் ஒருவர் அண்மையில் மடல் எழுதியிருந்தார். "அங்கே உங்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? வெயில், மழை என்ற இரண்டு காலங்கள்தானே!" என்று கேலியாகக் கேட்டிருந்தார். வாசலில் குவியும் பனியை அள்ளி ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். அவருக்கு விடை எழுத உட்கார்ந்தேன். அது எங்கெங்கோ சென்று, கடைசியில் நாலந்தாவில் வந்து நின்றது.

நம்முடைய முன்னோர் ஓர் ஆண்டை ஆறாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எஞ்சிய நான்கு மாதங்கள் இளவேனிலும் முதுவேனிலும். ஆறில் மூன்று காலங்கள் குளிரோடு தொடர்புடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈழத்துக் கடலோர மக்களோ மாதக்கணக்கைவிடக் காற்றைக் கொண்டே காலத்தை அறிந்தார்கள். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். புவியியல் படித்தவரான செங்கை ஆழியான் தம் நாவலொன்றுக்கு 'வாடைக்காற்று' என்று பெயரிட்டார். 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. வாடை என்றால் வெறும் காற்றன்று, ஒரு பருவம், ஒரு தொழில், ஒரு வாழ்க்கை என்பது அங்குள்ள வாசகனுக்கு விளக்காமலே விளங்கும்.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரில், தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியில் இருக்கிறது நாலந்தா. உலர்வலயமும் மலைநாடும் கைகுலுக்கும் இடம் அது. வடக்கேயிருந்து வருகிறவருக்குச் சமவெளி முடிகிறது. தெற்கேயிருந்து வருகிறவருக்கு மலை முடிகிறது. சுற்றுலாப் பயணிகள் இங்குள்ள கெடிகேயைப் பார்த்துவிட்டுப் போவார்கள். திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் எழுந்த பௌத்தக் கோயில் அது. மகாவலித் திட்டத்தின்கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள். அந்த நீர்த்தேக்கம் செய்யும் வேலை விசித்திரமானது. தென்மேல் பருவக்காற்று கண்டிப் பக்கத்து மலைகளில் கொட்டும் மழை, பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, சுரங்கவழியாக வந்து, இங்கே தங்கி, மீண்டும் சுரங்கவழியாகக் கலாவெவப் பக்கம் போகிறது. சிறுபோகத்தில் வானம் பொய்க்கும் வயல்களுக்கு வேறொரு வலயத்தின் மழையை அனுப்பிவைக்கும் ஏற்பாடு.

ஆனால் எனக்கு நாலந்தா என்றால் நினைவுக்கு வருவது கெடிகேயும் அன்று, நீரும் அன்று. வீதிதான்.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்த பாதை இது. ஆங்கிலேயர் இதை வடபாதை என்றார்கள். 1820களில் தொடங்கி 1830களின் பிற்பகுதியில் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கோப்பி ஒரு பருவப் பயிர். மாசி பங்குனிக்குப் பின் பூத்து, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பழுக்கும். பழம் பறிக்கும் அந்தச் சில மாதங்களுக்குத்தான் கைகள் வேண்டும். தமிழ்நாட்டு உழவுத் தொழிலாளிக்கோ அது வேலை குறைந்த காலம். தை அறுவடைக்கு ஊர் திரும்பிவிடலாம். இரண்டு நாடுகளின் பருவங்கள் ஒன்றோடொன்று இப்படிப் பொருந்தியதால்தான் அந்தப் புலப்பெயர்வே நடந்தது. கங்காணியின் முன்பணமும் ஊரின் பட்டினியும் அதற்குத் துணைநின்றன.

ஆவணி முதல் கார்த்திகை வரை கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முன்னே வந்தவர்களுக்கு உலர்வலயத்தில் குடிக்க நீரில்லை. பின்னே வந்தவர்களுக்கு மழை, சேறு, காய்ச்சல், வாந்திபேதி. 1841 முதல் 1849 வரை வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர், அதாவது 70,000 பேர் மடிந்தார்கள் என்று கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் எழுதியது. இந்த எண் மிகையானது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பத்திரிகைக்காரன் என்ற முறையில் நானும் அதைத் தயக்கத்துடனேயே எடுத்தாளுகிறேன். அவசரத்தில் அச்சேறும் எண்கள் பின்னாளில் கல்வெட்டாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும் அதில் பாதியை மட்டுமே ஏற்றாலும், இந்த வீதியோரம் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பாலை நிலத்துக்கு வேனிலோடு பின்பனியையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியர் உரியனவாக்கினார். பாலை பிரிவுக்குரிய நிலம். ஊரைப் பிரிந்தவர்கள் பாலை போன்ற காட்டைக் கடந்து, கூதிர்காலத்தில் குறிஞ்சிக்குள் நுழைந்த வாசல் நாலந்தா. இலக்கணம் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஆனாலும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசியின் தனிமை பெரிதாகப் பேசப்படும். எனக்கு அதில் பிடித்தவர்கள் தொடக்கத்தில் வரும் இடையர்கள். வெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை மேட்டுக்கு ஓட்டிச் சென்று, நடுங்கியபடி நெருப்பில் கைகளைக் காய்ச்சுகிறார்களே, அவர்கள். மாத்தளை மலைகளில் ஏறியவர்களும் அவர்களின் உறவினரே.

கரிசலிலும் செம்மண்ணிலும் பிறந்து, குளிர் என்றால் மார்கழி விடியல் மட்டுமே என்று அறிந்தவர்கள், சில வாரங்களில் முகிலுக்குள் குடியேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கம்பளி. தலையிலிருந்து முழங்கால்வரை தொங்கும் அந்தக் கனத்த கம்பளியே மழைக்குக் குடை, இரவுக்குப் போர்வை, லயத்தின் ஈரத்தரைக்குப் பாய். அதன் விலையும் சம்பளத்தில் கழிக்கப்படும். நம் குளிர்கால இலக்கியம் பேசுகிறவர்கள் இந்தக் கம்பளியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாசியில் திரும்பிப் போனார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பறிப்பு முடிந்து, கையில் சிறிது காசு சேர்ந்து, ஊருக்குப் புறப்படும் மாதம் அது என்பதற்கும் அந்த விழாவின் பெருமைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

இந்தப் போக்குவரவை நிறுத்தியது சட்டமன்று, ஒரு பூஞ்சணம். 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருநோய் தோன்றியது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், அந்த நோயின் வித்திகள் காற்றில் பரவி, இலையின் ஈரத்தில் முளைக்கின்றன என்று காட்டினார். பருவக்காற்றும் மழையும் அதற்கு வாய்த்துவிட்டன. சில ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது, தேயிலை வந்தது. இங்கேதான் என் கதையின் முக்கியமான இடம். தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரத்துக்கொரு முறை, ஆண்டு முழுவதும், வாடையிலும் சோளகத்திலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். பருவத்தோடு வந்து பருவத்தோடு போனவர்களுக்குத் திரும்பிப் போகும் மாதம் இல்லாமற் போயிற்று. பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் தங்கின. லயம் ஊராயிற்று.

ஆனால் ஆட்சியாளரின் மனத்தில் அவர்கள் பருவப் பறவைகளாகவே இருந்தார்கள். இந்நாட்டில் இவர்களுக்கு நிலையான நாட்டம் உண்டா என்ற கேள்வி டொனமூர் காலத்திலிருந்தே எழுப்பப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. திரும்பும் பருவம் ஒழிந்து இரண்டு தலைமுறைகள் கடந்தபின், அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். எஞ்சியோருக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். யூலை 28 புறப்பட்டு ஓகஸ்ட் 12 போய்ச் சேர்ந்தார்கள். அது ஆடி மாதம். உலர்வலயத்தில் கச்சான் அனலாய் வீசும் காலம். பதினாறு நாள் நடை. வழியில் நீர் கொடுக்கவும் சோறு கொடுக்கவும் மக்கள் காத்திருந்தார்கள், சிங்களவரும் முஸ்லிம்களும் உட்பட. தம்புள்ளையைத் தாண்டி நாலந்தாவை நெருங்கும்போதுதான் வீதி மெல்ல ஏறத் தொடங்கும், காற்றிலும் சிறிது ஈரம் தட்டும்.